நிழல் காத்த நகரங்கள்

நுழையும்முன்

நாம் நாள்தோறும் நடந்து செல்லும் தெரு என்றும் அப்படியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். ஒரு திண்ணை இடிபடுகிறது. ஒரு பெயர்ப்பலகை மாறுகிறது. சாலையோரப் புளியமரம் ஒருநாள் காலையில் இல்லாமற்போகிறது. நான்கைந்து நாள்களில் கண் பழகிவிடுகிறது. அங்கு முன்பு என்ன இருந்தது என்று யாரேனும் கேட்டால் விடை கூற இயலாமல் நிற்கிறோம். அவ்வேளையில் நமக்குத் துணையாவது ஒளிப்படம். அத்துணை எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

ஆளற்ற பெருந்தெரு

1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றை உயரமான சாளரத்திலிருந்து படம் எடுத்தார் லூயி தாகேர். இருமருங்கும் மரங்கள், மாடி வீடுகள், அகன்ற சாலை ஆகிய யாவும் அப்படத்தில் துல்லியமாகப் பதிந்துள்ளன. ஆனால், சாலையில் ஒரு வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. நகரமே ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனதுபோலத் தோன்றுகிறது. உற்றுநோக்கினால் இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு மனிதர் நிற்பது தெரியும். ஒரு காலைச் சற்றே உயர்த்தி, தம் காலணிக்கு மெருகேற்றிக்கொள்கிறார்.

உண்மையில் அத்தெருவில் அப்போது வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தனர். அக்காலத்து ஒளிப்படத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அத்தனை நேரம் அசையாமல் நின்றவை மட்டுமே தகட்டில் தங்கின. நகர்ந்தவை அனைத்தும் தடமின்றி மறைந்தன. காலணிக்கு மெருகேற்றக் காத்து நின்றதனாலேயே அம்மனிதர் ஒளிப்படத்தில் இடம்பெற்ற முதல் மாந்தருள் ஒருவரானார். அவர் பெயர் எவருக்கும் தெரியாது. தாம் படத்தில் பதிந்தது அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒளிப்படக்கலை உலகறிய அறிவிக்கப்பட்டது 1839 ஆகஸ்டு 19ஆம் நாள். அதற்கு முன்னரே எடுக்கப்பட்ட இந்த ஒரு படத்தில் அக்கலையின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறு காட்டும் என்பது பொது நம்பிக்கை. முதன்முதலாக ஒரு நகரத்தெருவை நோக்கிய ஒளிப்படமோ அத்தெருவின் உயிர்ப்பையே விட்டுவிட்டது. கல்லும் சுவரும் காப்பாற்றப்பட்டன, மக்கள் தவறவிடப்பட்டனர். எந்தப் பழைய படத்தைப் பார்க்கும்போதும் இதில் இருப்பது எது என்று கேட்பதோடு, இதில் விடுபட்டது எது என்றும் கேட்கவேண்டும்.

மதுரை, 1858

தாகேரின் படத்திற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் மதுரை வீதிகளில் ஒரு கருவி வந்து நின்றது. அதனைக் கொண்டுவந்தவர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தில் 1822இல் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் அலுவலராகப் பணியாற்றியவர். பேலூர், ஹளேபீடு கோயில்களையும் பின்னர்ப் பர்மாவையும் படம் எடுத்துத் தேர்ச்சி பெற்ற அவரைச் சென்னை மாகாண அரசு தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் மாட்டுவண்டிகளில் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் ஏற்றிக்கொண்டு அவர் தமிழகத்துக்குள் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை எனத் தொடர்ந்தது அப்பயணம். அங்கெல்லாம் எடுத்த படங்கள் 1858இல் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளிவந்தன.

அவர் கையாண்ட முறையை அறிந்தால்தான் அவருடைய படங்களின் அருமை விளங்கும். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி இல்லை. மறிநிலைத்தாள் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய படமே கிடைக்கும். ஆகவே ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலத் தாள் கொள்ளும் அளவிற்குப் பெரிய மரப்பெட்டியே அவருடைய கருவியாயிற்று. அதனைத் தூக்கி நிறுத்தவே ஆள் வேண்டும். கோபுரத்தின் முன்னோ, மண்டபத்தின் நடுவிலோ அதனை நிறுத்தி, வெளிச்சம் வரும் நேரம் பார்த்து, வில்லையின் மூடியைத் திறந்து, நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

தெரிந்து தெளிவோம்
மெழுகுத்தாள் முறை: மெல்லிய தாளில் உருக்கிய மெழுகை ஊறச்செய்து, அயோடைடு கரைசலில் தோய்த்து உலர்த்துவர். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தால் அத்தாள் ஒளியுணரும் தன்மை பெறும். கண்ணாடித் தகட்டில் ஈரக் குழம்பு பூசும் முறையில் படத்தை எடுத்தவுடனே உருத்துலக்க வேண்டும். மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம். படம் எடுத்துச் சில நாள் கழித்தும் உருத்துலக்கலாம். வெயில் மிகுந்த நாட்டில் ஊர் ஊராகச் சென்று படம் எடுப்பவருக்கு இம்முறை பெரிதும் உதவியது. ஆயினும், உருவம் பதியக் கூடுதல் நேரம் பிடித்தது.

மதுரையில் டிரைப் எடுத்த படங்களுள் மீனாட்சியம்மன் கோயிலும் புதுமண்டபமும் தெப்பக்குளமும் உள்ளன. திருமலை நாயக்கர் அரண்மனையும் இருக்கிறது. அரண்மனைப் படங்களைக் காணும்போது நமக்கு ஓர் அதிர்ச்சி ஏற்படும். இன்று ஒலி-ஒளிக் காட்சி நடைபெறும் அந்தப் பெருங்கூடம் அப்படங்களில் பாழடைந்த நிலையில் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வரண்மனையின் பெரும்பகுதி, திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்திலேயே பெயர்த்தெடுக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பர். எஞ்சியதும் சிதைந்துகொண்டிருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில்தான் அது செப்பனிடப்பட்டது. நாம் இன்று காண்பது செப்பனிட்ட அரண்மனை. டிரைப் கண்டது செப்பனிடாத அரண்மனை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை அப்படங்கள் நமக்கு அளிக்கின்றன. அரண்மனையை ஒட்டிய நெரிசலான சந்தில், துணிக்கடைகளுக்கு இடையே நிற்கும் பத்துத்தூணைப் பார்த்தவர்கள் பழைய அரண்மனையின் பரப்பை ஒருவாறு கற்பனை செய்துகொள்ளலாம்.

அவர் எடுத்த இன்னொரு படம் விளக்குத்தூண். மதுரைக்காரர்களுக்கு விளக்குத்தூண் என்றால் துணி எடுக்கும் இடம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே கால் வைக்க இடமிராது. அத்தூண் யாருக்காக நடப்பட்டது என்பதை அங்குத் துணி எடுப்போருள் எத்தனை பேர் அறிவர்? 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரையின் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்டது அது. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை வெளியே விரியச் செய்தவர் அவர். மதில் இருந்த இடத்தில் வெளி வீதிகள் தோன்றின. அப்பணியில் அவருக்குத் துணைநின்ற மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று தெருப்பெயர்களாக வாழ்கின்றனர். டிரைப் வந்தபோது மதில் போய்விட்டது. ஒளிப்படக் கருவி இன்னும் இருபது ஆண்டு முன்னதாக வந்திருந்தால் மதுரைக் கோட்டையின் மதிலை நாம் பார்த்திருப்போம். வரவில்லை. மதிலை இடித்தவருக்கு எழுப்பிய தூண் படத்தில் இருக்கிறது. இடிபட்ட மதில் இல்லை.

புலவரும் கருவியும்

இங்கு ஓர் ஒப்பீடு செய்து பார்க்கத் தோன்றுகிறது. டிரைப்பின் மதுரைப் படங்களுள் பலவற்றில் மக்கள் இல்லை. மண்டபங்கள் வெறிச்சோடியிருக்கின்றன, குளக்கரையில் ஈ காக்கை இல்லை. காரணம், முன்பு கண்டதே. அசைந்தவர் எவரும் தாளில் தங்கவில்லை. மிகச் சில இடங்களில் மங்கலான புகைபோல ஏதோ தெரியும். அது நடந்து சென்ற ஒருவராக இருக்கக்கூடும்.

மதுரையை இதே போலச் சுற்றிவந்து பதிவு செய்தவர் ஒருவர் நம்மிடையே மிகப் பழங்காலத்திலேயே இருந்திருக்கிறார். மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டுள் மிக நீண்ட பாட்டு. 782 அடிகள் கொண்டது. பகற்பொழுதின் நாளங்காடியும் இரவின் அல்லங்காடியும் அதில் இடம்பெறுகின்றன. பூ விற்போர், பண்ணியம் விற்போர், சங்கறுப்போர், துணி விற்போர், ஊர்க்காவலர், கள்வர் என நகரத்து மாந்தர் அனைவரும் அதில் நடமாடுகின்றனர். ஒரு நாளின் ஒவ்வொரு யாமமும் எவ்வாறு கழிந்தது என்பது அதில் தெரிகிறது. கருவி தவறவிட்டதைப் புலவர் பிடித்திருக்கிறார். ஆனால், அப்புலவர் கண்ட மாடங்களின் தூண் எத்தனை முழ உயரம், அதில் என்ன சிற்பம் இருந்தது, சுவரில் எங்கே விரிசல் ஓடியது என்பன நமக்குத் தெரியா. புலவர் தவறவிட்டதைக் கருவி பிடித்திருக்கிறது. ஒரு நகரத்தின் நினைவு இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி நிறைவுறாது. பாட்டு இருக்க, படம் எதற்கு என்று கேட்பதும், படம் இருக்க, பாட்டு எதற்கு என்று கேட்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

கருவி பொய் சொல்லாது என்பதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. அக்காலத் தாளில் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். டிரைப் தம் மறிநிலைத்தாளின்மீது வண்ணந்தீட்டி வானில் மேகங்களை வரைந்துள்ளார். மரங்களின் இலைச் செறிவையும் சில இடங்களில் அவ்வாறே திருத்தியிருக்கிறார். ஆகவே 1858ஆம் ஆண்டுத் தமிழகத்து வானில் மேகம் எப்படியிருந்தது என்று அப்படங்களைக் கொண்டு ஆராயப் புகுவோர் ஏமாறுவர்! கைப்பேசிப் படங்களைத் திருத்தி அழகுபடுத்தும் பழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று.

தஞ்சையில் அவர் செய்த ஒரு செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுவதை நாம் அறிவோம். அவற்றைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். அப்பெருங்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசனே என்பது ஆய்வுலகில் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. ஹூல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் கல்வெட்டுத்துறையில் பொறுப்பேற்ற 1886ஆம் ஆண்டிற்குப் பிறகே, அவ்வெழுத்துகள் முறையாகப் படிக்கப்பட்டு அவ்வுண்மை உறுதியாயிற்று. பொருள் துலங்காத எழுத்தையும் அழியாமல் எடுத்துவைத்தல் என்பது எளிய செயலன்று. பிற்காலத்தில் ஒருவர் வந்து படிப்பார் என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும்.

அரசு அந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன் இப்பணியை வீண்செலவெனக் கருதி நிறுத்திவிட்டார். டிரைப்பின் ஒளிப்பட வாழ்வு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. ஆனால், கலை இம்மண்ணில் வேரூன்றிவிட்டது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) ஒளிப்படக்கலையும் கற்பிக்கப்பட்டது. டிரைப்பிடம் உதவியாளராகத் தொழில் பயின்ற அய்யாசாமி என்னும் தமிழர் அங்கு அக்கலையைக் கற்பித்தார்.

இடிபடுமுன் ஒரு படம்

மதுரையில் மதில் இடிந்தது. பாரிசில் நகரமே இடிந்தது. 1853 முதல் 1870 வரை அந்நகரின் நிருவாகத் தலைவராக இருந்த ஓஸ்மான் குறுகிய தெருக்களைத் தகர்த்து, அகன்ற பெருவீதிகளை உருவாக்கினார். இடிக்கவிருந்த தெருக்களைப் படம் எடுத்துவைக்கும் பணி சார்ல் மார்வில் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடிப்பவர்களே படம் எடுக்கவும் சொன்னார்கள் என்பது வியப்பிற்குரியது. மார்வில் நானூற்றுக்கும் மேற்பட்ட தெருக்காட்சிகளைப் பதிந்தார். ஈரம் படிந்த கல்பாவிய சந்துகள், நடுவே ஓடும் சாக்கடை, சுவரெங்கும் விளம்பர எழுத்துகள் ஆகியவற்றையன்றி அத்தெருக்கள் வேறெங்கும் இல்லை.

அவருக்குப் பின் வந்தவர் யூஜின் அட்ஜே. அவரை யாரும் பணியில் அமர்த்தவில்லை. 1857இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கப்பலில் வேலை பார்த்து, நாடக நடிகராக முயன்று, எதிலும் நிலைபெறாமல் ஒளிப்படத் தொழிலுக்கு வந்தவர். ஓவியர்களுக்குப் பயன்படும் ஆவணங்கள் விற்கப்படும் என்று அறிவித்து வாழ்க்கையை நடத்தினார். புதிய கையடக்கக் கருவிகள் வந்துவிட்ட காலத்திலும் கனத்த மரக்கருவியையும் 18 செ.மீ.க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் புறப்படுவார். கடைகளின் முகப்பு, கதவுகளின் கைப்பிடி, மாடிப்படிகளின் வளைவு, வீட்டு முற்றங்கள், குப்பை பொறுக்குவோர், தெருவில் விளக்குமூடி விற்போர் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1920இல் 2,600 கண்ணாடித் தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார்.

அவர் தம்மைக் கலைஞர் என்று கூறிக்கொண்டதில்லை. 1926இல் அவருடைய படம் ஒன்று இதழின் அட்டையில் வந்தபோது, தம் பெயரை அச்சிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். தாம் எடுப்பவை ஆவணங்கள் மட்டுமே என்பது அவர் கருத்து. அப்படம் எதைக் காட்டுகிறது தெரியுமா? 1912ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தை ஒரு கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. எல்லோரும் வானத்தைப் பார்க்க, அட்ஜே மட்டும் வானத்தைப் பார்ப்பவர்களைப் பார்த்தார். நகரை அறிய விரும்புபவர் எத்திசையில் திரும்பி நிற்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெரனிஸ் அபாட் என்னும் அமெரிக்க இளம்பெண் 1927இல் அட்ஜேயைத் தம் கூடத்திற்கு அழைத்துப் படம் எடுத்தார். அப்படத்தைக் காட்டச் சென்றபோது முதியவர் இறந்துவிட்டார் என்பதை அறிந்தார். எஞ்சியிருந்த தகடுகளும் படங்களும் குப்பைக்குப் போகாமல் அபாட் விலைகொடுத்து வாங்கிக் காத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து, 1968இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் சேர்த்தார். இடையில், 1935 முதல் 1939 வரை, தம் நாட்டின் நியூயார்க் நகரம் வானளாவிய கட்டடங்களால் உருமாறுவதை அட்ஜேயின் வழியிலேயே படம் எடுத்தார். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் காப்பாற்றாவிட்டால் நினைவு இல்லை. எடுத்தவர் பெயரை உலகம் அறியும். காத்தவர் பெயரைப் பல வேளைகளில் அறியாது. அபாட் அதற்கு விலக்கு.

சுவரில் தொங்கும் நகரம்

நம் ஊர்களுக்குத் திரும்புவோம். தமிழில் படம் எடுத்தல் என்று எழுதுகிறோம். பேச்சில் ‘படம் பிடித்தல்’ என்கிறோம். பறவையைப் பிடிப்பதுபோல, மழைநீரைப் பிடிப்பதுபோல, ஓடுவதைத் தடுத்து நிறுத்தும் பொருள் அச்சொல்லில் இருக்கிறது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிமார் அஞ்சியதற்கும் அச்சொல்லுக்கும் உறவு இருக்குமோ என்று சிலபோது எண்ணியதுண்டு.

அந்த அச்சத்தையும் மீறி நம் வீட்டுச் சுவர்களில் படங்கள் ஏறின. மணமக்கள் படம், பிள்ளைக்கு முடியிறக்கிய நாளில் எடுத்த படம், இறந்தவரின் படம் என வரிசையாக நூற்கயிற்றில் சாய்வாகத் தொங்கிய சட்டங்களை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மனிதர்களுக்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலையைக் கவனியுங்கள். மாளிகைப் படிக்கட்டும் நீரூற்றும் பூந்தோட்டமும் அதில் தீட்டப்பட்டிருக்கும். மண்தரை வீட்டில் வாழ்ந்தவரும் அதன்முன் நின்றார். மிராசுதாரரும் அதன்முன் நின்றார். கைக்கடிகாரம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்திருப்பார் ஒருவர். அது ஒளிப்படக் கூடத்தாரின் கடிகாரமாகவும் இருக்கலாம். அப்படம் அவர் வாழ்ந்த வாழ்வைக் காட்டவில்லை. வாழ விரும்பிய வாழ்வைக் காட்டுகிறது. அதுவும் ஒரு வரலாறுதான்.

சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள புறநகர்த் தொடர்வண்டி முனையத்திற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை. 1900ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையானது. பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவை வரை விற்ற இடம் அது. தீவிபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறுவனாக இருந்த நான், தந்தையோடும் தமையனோடும் அங்குச் சென்றிருக்கிறேன். அக்கட்டடம் செங்கல் நிறம் என்பது என் நினைவு. மஞ்சள் பூசியிருந்தது என்பார் தமையனார். பல ஆண்டுகளுக்குப் பின் அதன் பழைய படம் ஒன்று எங்கள் கைக்குக் கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படம்! வழக்குத் தீரவில்லை. ஆனால், நாங்கள் இருவருமே அடியோடு மறந்துபோன ஒன்று அதில் இருந்தது. கட்டடத்தின் முன்னே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தவாறு நின்ற மிதிவண்டிகள். அவற்றைக் கண்டவுடன், அன்று தந்தையார் தம் மிதிவண்டியின் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டிய வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி உருட்டிக்கொண்டே வீடு வந்தது நினைவிற்கு வந்தது. படத்தில் அவர் இல்லை. அவர் வண்டியும் இல்லை. ஆயினும் அவரை மீட்டுத் தந்தது அப்படம்.

சாட்சி சொன்ன படம்

ஒளிப்படம் நினைவை மட்டுமன்றி, நீதியையும் காக்கவல்லது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் எடுத்துவந்தனர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அங்குத் திரண்டன. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூரான ஸ்ரீபுரந்தானில் உள்ள சோழர்காலக் கோயிலின் நடராசர் செப்புத்திருமேனியை 1994இல் அவர்கள் படம் எடுத்தனர். எடுத்தபோது அது ஆய்வுக்கான வழக்கமான பணியே.

பின்னர் அத்திருமேனி களவாடப்பட்டுக் கடல் கடந்தது. 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதனை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. இது எங்கள் ஊர்ச் சாமி என்று ஊரார் சொன்னால் மட்டும் போதுமா? நடராசர் திருமேனிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், நம் செப்புத்திருமேனிகள் மெழுகில் உரு அமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றி வார்க்கப்படுபவை. வார்த்தபின் மண் அச்சு உடைக்கப்படும். ஆதலால், ஒன்றைப்போல் மற்றொன்று முழுதும் அமையாது. திருவாசியின் சுடர், சடையின் விரிவு, பீடத்தின் இதழ், தேய்வு, தழும்பு என ஒவ்வொன்றையும் பழைய படத்தோடு வைத்து ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014இல் அத்திருமேனி இந்தியாவிடம் திருப்பி அளிக்கப்பட்டது. விருத்தாசலம் கோயிலிலிருந்து சென்ற அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் உடன் வந்தது; அதற்கும் இந்நிறுவனத்தின் பழைய படங்களே சான்றாக நின்றன.

படம் எடுக்கப்படாத கோயில்களிலிருந்து சென்ற திருமேனிகளும் இருக்கக்கூடும். அவற்றிற்குச் சாட்சி இல்லை.

படத்தின் பின்புறம்

ஒரு முறை வகுப்பில், வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தைக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் கூறினேன். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றுள் பின்புறம் ஏதேனும் எழுதப்பட்டிருந்தவை இரண்டே. ஒன்றில் ஒளிப்படக் கூடத்தின் முத்திரை மட்டும் இருந்தது. மற்றொன்றில் பென்சிலால் எழுதிய நான்கு பெயர்களும் ஒரு தேதியும். ஏனைய படங்களில் இருப்பவர் யார் என்று கேட்டபோது, ஆயாவிடம் கேட்டால் தெரியும் என்றனர் பலர். ஆயா இப்போது இல்லை என்றனர் சிலர்.

பழைய ஒளிப்படக் கூடங்கள் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றில் குவிந்திருந்த கண்ணாடித் தகடுகள் உடைந்தும் எறியப்பட்டும் போயின. படச்சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போடப்பட்டன. ஓர் ஊரின் மூன்று தலைமுறை முகங்கள் உருக்கப்பட்டுச் சில கிராம் வெள்ளியாயின. இன்று நம் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன. எடுப்பது எளிதாகிவிட்டது, காப்பது எளிதாகவில்லை. கருவி பழுதுபட்டாலோ, தொலைந்தாலோ அவை ஒரே நொடியில் போய்விடும். 1858இல் டிரைப் எடுத்த தாள்கள் 160 ஆண்டுகளைக் கடந்து நம் முன் நிற்கின்றன. சென்ற ஆண்டு நீங்கள் எடுத்த பள்ளி ஆண்டுவிழாப் படம் இப்போது எங்கே இருக்கிறது?

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவில் விரைவில் மாறக்கூடிய ஓர் இடத்தை (பழைய கடை, திண்ணை வீடு, ஊர்க்கிணறு, தேர்முட்டி போன்ற ஒன்றை) ஒரே இடத்தில் நின்று காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் படம் எடுக்க. ஒவ்வொரு படத்திலும் பதிந்தவை எவை, கண்ணால் கண்டும் பதியாதவை எவை எனக் குறிப்பு வரைக. ஒலி, மணம் ஆகியவற்றையும் குறிப்பில் சேர்க்க.

உங்கள் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை வீட்டு முதியவரிடம் காட்டி, அதிலுள்ளோர் பெயர், உறவுமுறை, இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறிந்து, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. எழுதும்போது அவர் கூறிய செய்திகளை ஒரு பக்க அளவில் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.